மூன்று மடக்குக் கத்திகள்

கொடுத்த பரிசைத் திருப்பிக் கேட்டு யார் வீட்டுப் படியாவது ஏறியிருக்கிறீர்களா? போன மாதம் நான் ஏறினேன். தூத்துக்குடிப் பக்கத்து ஆத்தூரில், என் மதினி வீட்டில்.

கேட்டது ஒரு மடக்குக் கத்தியை.

எல்லாம் ஆன்லைனில் ஆரம்பித்தது. வெளிநாட்டுத் தயாரிப்பு, மூன்றாக வாங்கினால் விலை இன்னும் குறையும் என்று போட்டிருந்தார்கள். ஒன்று வாங்கப் போனவன் மூன்று வாங்கினேன். நாம் எல்லோரும் அப்படித்தானே? கறுப்புப் பிடி, பாக்கெட்டில் மாட்ட கிளிப், கட்டைவிரலால் தள்ளினால் ‘டக்’கென்று விரியும் ப்ளேடு. டப்பாவில் ‘மிலிட்டரி கிரேடு’ என்று எழுதியிருந்தது. எந்த நாட்டு மிலிட்டரி என்று எழுதவில்லை.

தூத்துக்குடித் துறைமுகத்தில் இறக்குமதிப் பேப்பர் பார்ப்பதுதான் என் பிழைப்பு. இந்த மாதிரிச் சரக்கு கன்டெய்னர் கன்டெய்னராக என் மேஜையைத் தாண்டிப் போயிருக்கிறது. ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்த்ததில்லை.

ஒரு கத்தியை நான் வைத்துக்கொண்டேன். ஒன்று, வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் மதினிக்கு. இன்னொன்று, புன்னைக்காயல் மிக்கேலுக்கு.

மிக்கேல் எங்கள் ஆபீஸில் பத்து வருடம் எனக்குப் பக்கத்து சீட். ஒருநாள், ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, மச்சினன் தொம்மையோடு வள்ளத்தில் மீன்பிடிக்கப் போய்விட்டார். கத்தியைக் கொடுத்ததும் முன்கை முடியில் இழுத்துப் பார்த்தார். சுத்தமாக வழித்தது. கூர் இருக்கு என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து அதுவே பெரிய பாராட்டு.

இரண்டு மாதம் நன்றாகத்தான் வெட்டியது.

ஒருநாள் காலையில் வலை விட்டுக்கொண்டிருந்தபோது, ஓடுகிற கயிறு தொம்மையின் கணுக்காலில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டது. மிக்கேல் உடனே இன்ஜினை நிறுத்தினார். ஆனால் கடலுக்குள் இறங்கிவிட்ட வலையின் பாரம் நிற்குமா? அது இழுத்த இழுப்பில் தொம்மை விழுந்து, கால் வள்ளத்தின் விளிம்பில் போய் முட்டிக்கொண்டது. குறுக்குப் பலகையைக் கட்டிப் பிடித்தபடி கிடந்தார். பிடி விட்டால் வலையோடு சேர்ந்து அவரும் கடலுக்குள்.

மிக்கேல் கத்தியை விரித்து, கயிற்றுக்கு அடியில் கொடுத்து இழுத்தார். முதல் சுற்று அறுந்தது. இரண்டாவது சுற்று ப்ளேடின் முதுகில் சிக்கியது. அந்த இழுப்பில், விரிந்தபடி நிற்க வேண்டிய ப்ளேடு மடங்கி அவருடைய இரண்டு விரல்களின் மேல் மூடிக்கொண்டது.

அவர் என்ன செய்தார் தெரியுமா? இடது கையால் ப்ளேடைப் பிரித்து விரல்களை எடுத்தார். அதே கத்தியால் மிச்சக் கயிற்றையும் அறுத்தார். அப்புறம்தான் உட்கார்ந்தார்.

தொம்மைக்குக் கயிறு உரசிய காயத்தோடு போயிற்று. மிக்கேலுக்கு இரண்டு விரலிலும் தையல். ஒரு மாதம் கடலுக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, மிக்கேல் நடந்ததையெல்லாம் ஆபீஸ் ரிப்போர்ட் வாசிப்பதுபோல வரிசையாகச் சொன்னார். கத்தியைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

அவர் மனைவி செல்வமேரி விடவில்லை. தொம்மையின் தங்கை அவர். நான் கிளம்பும்போது வராண்டாவில் மறித்து நின்றார்.

“நீங்க குடுத்த கத்தியாலதான் எங்கண்ணன் உசிரோட இருக்கான் அண்ணாச்சி. அதே கத்தியாலதான் இவிய கட்டுப் போட்டுக் கெடக்காவ. உங்கள நான் கும்பிடவா, வையவா?”



வீட்டுக்கு வந்ததும் என் கத்தியை எடுத்தேன். விரல்களை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, ப்ளேடின் முதுகை மேஜையில் தட்டினேன். ஒரு தட்டு... இரண்டு தட்டு... மூன்றாவதில் மடங்கிவிட்டது. டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். விரிந்த ப்ளேடுக்குப் பின்னால் ஒரு சின்னத் தகடு வந்து முட்டுக் கொடுக்க வேண்டும். அதுதான் லாக். என் கத்தியில் அது ப்ளேடின் ஓரத்தைப் பட்டும் படாமலும் தொட்டுக்கொண்டிருந்தது. அறவே தொடாமல் இருந்திருந்தால்கூட முதல் நாளே தெரிந்திருக்கும்.

அப்போதுதான் மதினியின் ஞாபகம் வந்தது. வெற்றிலைக் கொடி கட்ட தினமும் வாழை நார் அறுக்கிற கை. போனில் சொன்னேன், சிரித்தார்கள். மறுநாள் காலையில் பஸ் ஏறிவிட்டேன்.

மதினி கத்தியை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார்கள். நடந்ததைச் சொல்லி, வேறு வாங்கித் தருகிறேன் என்று கெஞ்சினேன். அசையவில்லை.

“ஒங்க கத்தி சரியில்லன்னா எங்கத்தி என்ன செய்யும் தம்பி? வேணும்னா தட்டிப் பாத்துக்கிடுங்க.”

தட்டினேன். பத்துத் தட்டு. இருபது தட்டு. ஓங்கித் தட்டினேன். அசையவே இல்லை. உள்ளே பார்த்தால் தகடு ப்ளேடின் பின்னால் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. ஒரே டப்பா, ஒரே பெயர், ஒரே நாள் வந்தவை. மதினியின் கத்தி இன்னும் மதினியிடம்தான் இருக்கிறது.

மலிவான வெளிநாட்டுப் பொருள் எல்லாமே குப்பை என்கிறார் ஒருவர். விலை கூடினதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம், பெயர்தானே என்கிறார் இன்னொருவர். மூன்று கத்தி வாங்கிய எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. அந்த ஸ்டீலில் குறையில்லை, முடியை வழித்ததே. விலையில் குறைந்தது வேறு ஒன்று. செய்து முடித்ததும் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, விரித்து, தட்டிப் பார்க்கிற ஓர் ஆளின் சம்பளம். அந்த வேலையை நமக்கு விட்டுவிடுகிறார்கள். நாம் செய்கிறோமா? நான் செய்யவில்லை. மிக்கேலின் விரல்கள் செய்தன.

விற்றவர்களுக்கு எழுதினேன். திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று பதில் வந்தது. கூடவே, எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள் என்று ஒரு கேள்வி. என் கத்தியை ஸ்க்ரூ ஸ்க்ரூவாகக் கழற்றிப் போட்டேன். முழுசாகப் போட்டால் யார் கைக்காவது போய்விடுமே.

இந்த வாரம் மிக்கேல் மறுபடி கடலுக்குப் போனார். சுட்டுவிரல் இன்னும் முழுசாக மடங்கவில்லையாம். கயிறு விடுகிற பக்கம் அவர் நிற்கிறார், தொம்மை இன்ஜினுக்கு மாறிவிட்டார். இரண்டு பேர் இடுப்பிலும் இப்போது மடக்கே இல்லாத நேர்க்கத்தி, உறையோடு.

சீலா மீன் கிடைத்திருக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்று செல்வமேரிதான் போன் செய்தார். உடனே போனேன். துண்டு போட்டுத் தரட்டுமா என்று கேட்டபடி மிக்கேல் இடுப்பில் கையை வைத்தார்.

வேண்டாம் மிக்கேல், வீட்டில் அரிவாள்மனை இருக்கிறது என்றேன்.