பரு போகாத முகம்

சேலையூர் ஹில்டா பதினான்கு வருடமாக முகம் கழுவிய தண்ணீரைத் தேக்கியிருந்தால் இன்னொரு சிட்லபாக்கம் ஏரியே ஆகியிருக்கும். பருதான் போகவில்லை. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினாலே பெண்கள் பெட்டியில் வைத்தியம் தொடங்கிவிடும்.

"சங்கு உரைச்சுப் பூசினியாடி?" என்பாள் புஷ்பம் அக்கா.

"பூசியாச்சுக்கா."

"பூசியுமா இப்படி?"

முன்பெல்லாம் இதற்கு அழுவாள். இப்போது எதுவும் உறைப்பதில்லை. தங்கை கல்யாணத்துக்குப் போகவில்லை, வருத்தமும் வரவில்லை.

இப்படி இருந்தபோதுதான், 1991இல், ஒரு தோல் டாக்டரம்மா, "எதுலயாவது சந்தோஷம் இருக்காம்மா?" என்று கேட்டார். ஹில்டா பழைய களிம்புச் சீட்டுகளை எடுத்து நீட்டினாள்.

"அது இருக்கட்டும். கேட்டதுக்குச் சொல்லு."

"தெரியல மேடம்."

டாக்டரம்மா களிம்போடு ஒரு மனநல மருத்துவரின் விலாசமும் எழுதிக் கொடுத்தார். மறுக்கக்கூடத் தோன்றாததால் ஹில்டா போனாள்.