அப்பாவுக்கு நடக்க ஓர் ஓரம்

"டக்" என்று முதலில் ஒரு சத்தம், கொஞ்சம் பொறுத்து "டடக்" என்று இன்னொன்று. வெள்ளவத்தையில் எங்கள் லேன் காலி வீதியில் சேரும் முனையில், மழைநீர் ஓடும் கானை மூடி வரிசையாகப் போட்டிருந்த கொங்கிரீட் "சிலாப்"புகளில் ஒன்று ஆடும். புறக்கோட்டை இரும்புக்கடையில் வேலை முடித்து வரும் அப்பா, சைக்கிளை விட்டு இறங்கி அதை உருட்டிக்கொண்டு வரும்போது, முதற் சத்தம் முன் சில்லுக்கும் அடுத்தது அவருடைய செருப்புக்கும் உரியது என்பது எங்கள் வீட்டுப் பூனைக்கும் தெரியும். லேனில் முதல் வீடு எங்களது. சத்தம் கேட்டதும் அம்மா "கேத்தி"லை அடுப்பில் வைப்பார். அப்பா கைகால் கழுவிவிட்டு வந்து உட்கார, பிளேன்டீ தயாராக இருக்கும்.

அந்தச் சிலாப் வரிசைதான் எங்கள் நடைபாதை. வெள்ளிக்கிழமைகளில் லேன் முழுவதும் குளித்து முழுகி, மூன்று பேர் நான்கு பேராகக் கைகோத்துக் கதைத்துக்கொண்டு கோவிலுக்குப் போகும் அளவுக்கு அது அகலம். பஸ்ஸைப் பார்க்கும் ஆசையில் நான் ரோட்டுக் கரைக்கு ஒதுங்கினால், அப்பா இரண்டு விரலால் என் முழங்கையைப் பிடித்து மதில் பக்கம் இழுத்துவிட்டுத் தான் வெளிப்பக்கம் வந்து நடப்பார். "உள்ளுக்க வா, பிள்ளை." சின்ன வயதில் நான் அதிகம் கேட்ட பேச்சு அதுதான். எவ்வளவு பஸ் ஓடினாலும் எனக்கென்று ஓர் உள்பக்கம் இருந்தது, அதனால் ரோட்டைக் கண்டு நான் பயந்ததே இல்லை.

அதை எங்களிடமிருந்து யாரும் களவெடுக்கவில்லை. நாங்களே தூக்கிக் கொடுத்தோம். வீதியை அகலமாக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எங்கள் லேனில் கலியாண வீட்டுக் களை வந்துவிட்டது. "அகலமான ரோட்டுக் கரையில காணி வைச்சிருக்கிறவன்தான் ராசா" என்று முன்வீட்டு மாமா மதிலுக்கு மேலால் எட்டி எட்டிச் சொல்லுவார். ஊரிலிருந்து வந்து அறை வாடகைக்கு இருந்து, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி ஆளுக்கொரு துண்டுக் காணி வாங்கிய சனங்கள் வேறென்ன நினைப்பார்கள்? வேலையாட்கள் வந்த அன்று அம்மா இஞ்சி தட்டிப் போட்டு எல்லோருக்கும் பிளேன்டீ கொடுத்தார். அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, "மல்லி, இது ஆடுறது, லேசா வந்திடும்" என்று ஒரு வேலையாளிடம், தம்பி முறை வைத்துச் சிங்களத்தில் சொல்லி, அலவாங்குக் கம்பியின் மறு நுனியைத் தானே பிடித்து அந்தச் சிலாப்பை நெம்பிக் கொடுத்தார். பொல்லைக் கொடுத்து அடி வாங்குவது என்பார்கள். நாங்கள் பிளேன்டீயும் கொடுத்தே வாங்கினோம்.

வேலை முடிந்ததும் புதுச் சிலாப் போடுவதாகச் சொன்னார்கள். வந்தது ஒற்றைக் கால் வைக்க ஒரு கீலம். அதன் நடுவில் ஒரு லைட் போஸ்ட், பிறகு கடைக்காரர்களின் ஜெனரேட்டர், பிறகு மோட்டார் சைக்கிள்கள். சில மாதத்தில் ஒரு பஸ்ஸின் பக்கக் கண்ணாடி, சைக்கிளில் வந்த அப்பாவின் முழங்கையை உரசிக்கொண்டு போனது. "இனி இந்தச் சைக்கிளைத் தொட்டீங்களோ தெரியும்" என்று அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட, அது பின்பக்கச் சுவரில் தொங்கத் தொடங்கியது.

பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற மாதங்களில், அந்தச் சைக்கிளை இறக்கி எண்ணெய் விட்டு, பம்பலப்பிட்டியில் இருந்த என் வேலைக்கு நான் ஓடினேன். கொழும்பு முழுக்கச் சைக்கிள். உடனே பெரிய மனிதர்களுக்கு ஞானம் பிறந்துவிட்டது. ரோட்டு ஓரத்தில் பச்சைக் கோடு இழுத்து, சைக்கிள் படம் கீறி, ஒரு காலையில் ஹெல்மெட்டோடு வந்து கெமராவுக்கு முன்னால் மிதித்துக் காட்டிவிட்டுப் போனார்கள். பெற்றோல் வந்தது. பச்சைக் கோட்டின் மேல் கார்கள் வந்து நின்றன. கேட்பதற்கு ஒருவருமில்லை. இந்த ஊரில் வேலைக்குப் போகிற சனத்தில் எத்தனையோ பேர் நடந்து போய்த்தான் பஸ் பிடிக்கிறார்கள். பருப்பு வாங்கும்போதும் வரி கட்டுகிறார்கள். மேம்பாலத்துக்குக் கடன் வாங்கத் தெரிந்த நாட்டுக்கு, அவர்களுக்காக நாலு சிலாப் வாங்கிப் போடத் தெரியவில்லை. இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் வீட்டை இடித்து ஃபிளாட் கட்டினார்கள். காணிக்குப் பதிலாகக் கிடைத்த மூன்றாம் மாடி வீட்டில் நானும் அப்பாவும் இருக்கிறோம்; அம்மா போய்விட்டார். அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. ஒவ்வொரு நாளும் நடக்காவிட்டால் கால் இரண்டும் விறைத்துப் படுக்கையில் விழுத்திவிடும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். போன மாதம், கோவில் கிட்டத்தானே என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். மோட்டார் சைக்கிள்கள் வழியை மறித்து நின்ற இடத்தில் ரோட்டில் இறங்க வேண்டியிருந்தது. பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தது. என்னை அறியாமலே, "உள்ளுக்க வாங்கோ, அப்பா" என்றேன்.

அப்பா நின்று இடப்பக்கம் பார்த்தார். மோட்டார் சைக்கிள்கள், கடைக்காரனின் வெற்றுப் பெட்டிகள், மூடியில்லாத கான்.

"எங்க பிள்ளை, உள்ளுக்க?"

பகிடிக்குக் கேட்கவில்லை. இடம் காட்டினால் போவோம் என்றுதான் கேட்டார். எனக்குக் காட்ட இடம் இருக்கவில்லை. கோவிலுக்குப் போகாமலே திரும்பிவிட்டோம். "இனி வேண்டாம்" என்று மட்டும் லிஃப்டுக்குள் சொன்னார்.

இப்போது அப்பா நடப்பது எங்கள் ஃபிளாட்டின் கீழ்த்தளத்தில், கார் விடும் இடத்தில். பழைய வீட்டின் விறாந்தை இருந்த இடமும் அதற்குள்தான் வருகிறது. காலையில் கார்கள் போன பிறகு, அவற்றுக்காகக் கோடு போட்ட கட்டங்களுக்குள், பொல்லை ஊன்றி, பழக்கத்தில் ஒரு மதிலைத் தேடி அதை ஒட்டியே போய்வருகிறார். நல்ல தரை, பள்ளமில்லை, மேடில்லை, பகலிலும் லைட் எரிகிறது. கார்களுக்கென்றால் எங்களுக்கு அப்படிக் கட்டத் தெரிகிறது. பின்னேரம் அவை ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கும். வாசலில் நிற்கும் செக்கியூரிட்டி, "அங்கிள், கார் வருது" என்று குரல் கொடுப்பார். அதற்குள் அப்பா மேலே வந்துவிட வேண்டும்.