எட்டு அளவு, நாலு சுரம்

அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியர். அப்பா தண்ணீர்க் குழாய் பழுது பார்ப்பவர். வேலைக்குப் போன ஒரு வீட்டில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய பியானோவைக் கேட்டு வாங்கி, கைவண்டியில் ஏற்றி வந்தார். மூத்த மகன் அதில் கை வைத்தவன்தான், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை என்று வீட்டில் சொல்வார்கள். அந்த மகன்தான் இவர். பதினேழு வயதில் இசை எழுதத் தொடங்கினார். ஐம்பத்தாறு வயதுக்குள் இருபத்திரண்டு படைப்புகள். அவற்றில் மேடையேறியது ஒன்றே ஒன்று.

இரண்டு வயலின், ஒரு செல்லோ, ஒரு வியோலா என்று நான்கு பேர் வாசிப்பதற்கான இசை அது. இசைத்தாளில் ஒவ்வொரு தாளச் சுற்றையும் ஓர் 'அளவு' என்பார்கள். அதை எழுதியபோது அவருக்கு வயது முப்பத்தெட்டு. வயலினைவிடச் சற்றுப் பெரியதும் குரல் தாழ்ந்ததுமான வியோலாவை வாசித்தது அவருடைய தம்பி. தம்பிக்குப் பிழைப்பு மரக்கடையில். வாசிப்பது மாலை நேரத்து ஆசை.

ஏழு மாதம் ஒத்திகை நடந்தது. கச்சேரிக்கு ஒரு வாரம் இருக்கும்போது தம்பி சிரித்துக்கொண்டே சொன்னார்: "வயலின் ரெண்டும் உள்ள விருந்து சாப்பிடுது. நான் வாசல்ல வண்டிக்குக் காவல். மூணாவது பகுதியில எட்டு அளவுக்கு ஒரே சுரத்தை இழுக்கச் சொல்றியே, எனக்குத் தூக்கமே வந்துடுது அண்ணே."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனுக்கு மட்டும் சுருக்கென்றது.

"உனக்கு வாசிக்க வர்றது அவ்வளவுதான். அதான் அவ்வளவு எழுதினேன்" என்றார்.

தம்பி மீதி ஒத்திகைக்கு வரவில்லை. கச்சேரியில் வந்து வாசித்தார். முடிந்ததும் தாள்களை அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் போனவர், அதன்பின் வியோலாவைத் தொடவே இல்லை. இருவருக்கும் பேச்சு நின்றது. யார் முதலில் பேசுவது என்பதிலேயே ஒன்பது வருடம் ஓடிப்போனது. ஒரு காலை மரக்கடையில் தம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழவில்லை. சாவு வீட்டில் அண்ணன் சுவரோரமாக நின்றுவிட்டுத் திரும்பினார்.

இன்னும் ஒன்பது வருடம் கழித்து, பள்ளி விடுமுறையில், இசை அறைக்கு மேலே தண்ணீர்க் குழாய் வெடித்தது. யாரும் கவனிக்கவில்லை. பள்ளி திறந்த அன்று, தன் இசைத்தாள்களை வைத்திருந்த அலமாரியைத் திறந்தவர் கையில் எல்லாம் கூழாகத்தான் வந்தது. மை கரைந்து பலகையெல்லாம் நீலம். இருபத்திரண்டும் போயின. வாசித்த ஒவ்வொருவரின் தாளையும் திருத்துவதற்கென்று திரும்ப வாங்கி வைத்திருந்ததால் வெளியிலும் பிரதி இல்லை.

மேடையேறிய அந்த ஒன்றையாவது மீட்கலாம் என்றார் செல்லோ வாசித்த பல் மருத்துவர். வயலின்காரர்கள் இருவரும் உயிரோடிருந்தார்கள். நினைவிலிருந்து வாசித்தார்கள், அவர் எழுதிக்கொண்டார். வியோலா பகுதி மட்டும் யாருக்கும் வரவில்லை, எழுதியவருக்கும் கூட. புதிதாக எழுதிப் பார்த்தார். ஒட்டவில்லை.

கடைசியில் தம்பி வீட்டுக் கதவைத் தட்டினார். தம்பி மனைவி தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்தார்.

"தம்பி கைப்பட எழுதின தாள் எதாவது இருக்காம்மா?"

"தாள் இல்ல மாமா. ஆனா எனக்கு அது தெரியும். ஏழு மாசம் தினமும் அந்த ஸ்டூல்ல உக்காந்து வாசிச்சாரு, நான் இங்க தச்சுக்கிட்டிருப்பேன். எனக்குப் பாட்டுன்னா அது ஒண்ணுதான்."

கண்ணை மூடிக்கொண்டு முனக ஆரம்பித்தார். இசை படிக்கத் தெரியாதவர். ஆனாலும் தாளம் பிசகவில்லை. அண்ணன் எழுதிக்கொண்டே வந்தார். மூன்றாம் பகுதி வந்தது. எட்டு அளவுக்கு நீள வேண்டிய அந்த ஒற்றைச் சுரம் இரண்டாம் அளவிலேயே அசைந்தது. நாலு சுரம் மெல்ல இறங்கி, தயங்கி, மறுபடி ஏறியது. பென்சில் நின்றது.

"இது நான் எழுதினது இல்லையேம்மா."

"சண்டை போட்ட மறுநாள்லேருந்து இப்படித்தான் வாசிச்சாரு. அண்ணன்கிட்ட சொல்ல வேணாமான்னு கேட்டேன். மேடையில அவரே கேட்டுக்குவாருன்னு சொன்னாரு."

அண்ணன் அன்று கேட்டிருந்தார்தான். அந்த இடத்தில் அரங்கமே மூச்சடக்கியதும் நினைவிருந்தது. மறுநாள் பத்திரிகை அந்த எட்டு அளவுகளைத்தான் தனியாகப் புகழ்ந்திருந்தது. அசைந்தது வயலின்கள் என்று எண்ணி, தான் எழுதியதுதான் இவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்று பதினெட்டு வருடம் நம்பியிருந்தார்.

அந்த நாலு சுரத்தையும் கேட்டபடியே தாளில் எழுதிக்கொண்டார். தம்பி மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தையலுக்குத் திரும்பினார்.

அடுத்த வருடம் பள்ளி அரங்கில் அந்த இசை மறுபடி ஒலித்தது. வியோலா வாசித்தது ஒரு தபால் அலுவலகப் பெண். நிகழ்ச்சித் தாளில் எழுதியவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள். தம்பி மனைவி முதல் வரிசையில் இருந்தார். முதல் கச்சேரியன்று அவர் பிரசவ வார்டில் இருந்ததால், நான்கும் சேர்ந்து ஒலிப்பதை அன்றுதான் கேட்டார்.

"இத்தனை சத்தத்துக்கு நடுவுலயும் தனியா கேக்குது மாமா" என்றார்.

அச்சிட வந்த பதிப்பாளர் ஒரு பெயர் போதும், விற்க வசதி என்றார். இவர் தாள்களை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். இன்றுவரை அது கைப்பிரதியாகத்தான் சுற்றுகிறது.

மற்ற இருபத்தொன்றை யாராவது விசாரித்தால், "கேட்டவங்களே இல்ல. அதனால போச்சுன்னு வருத்தப்படவும் ஆள் இல்ல" என்பார். அறுபத்து மூன்று வயதில் இறந்தார். கடைசி வருடங்களில் அவர் புதிதாக எழுதியது கொஞ்சம்தான். அவற்றை முதலில் முனகிக் காட்டியதெல்லாம் அந்தத் தையல் அறையில். பிடிக்காத இடத்தில் தம்பி மனைவி இயந்திரத்தை மிதிக்கத் தொடங்கிவிடுவார். இவர் சிரித்துக்கொண்டே அந்த இடத்தைத் தாளில் அடித்துவிட்டு, திரும்ப எழுதுவார்.