மாறுது

லேகாவின் முதுகுவலிதான் மகளின் படிப்பில் வந்து விழுந்தது என்றால் யார் நம்புவார்கள்? நெய்யாற்றின்கரை ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி சேலை விரிக்கிற வேலை அவளுக்கு. வாங்காமல் போகிறவர்களுக்கும் சிரித்த முகத்தோடு மடித்து வைக்க வேண்டும். வீட்டுக்கு வந்து சிரிக்க மிச்சம் இருக்காது.

மகள் அமிர்தா தனுவச்சபுரத்தில் பத்தாம் வகுப்பு. வாயால் கேட்டால் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்வாள். எழுதச் சொன்னால் பாதி வார்த்தை காணாமல் போகும். அடி, திட்டு, டியூஷன் எல்லாம் பார்த்தாயிற்று. பள்ளிக்கூடத்துத் தன்யா டீச்சர்தான் அதற்கு ஒரு பேர் சொன்னார்: டிஸ்லெக்சியா.

"பிள்ளைக்குப் புத்தியில ஒரு கொறவும் இல்ல லேகா. வாசிக்கச்சில எழுத்து மாறுது, அவ்வளவுதான். மெடிக்கல் போர்டு சர்ட்டிபிக்கேட் வாங்கினா, பரீட்சையில அவ சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆளு உண்டு. ஓணம் லீவு கழிஞ்சு புதன்கிழமை போர்டுக்குக் கூட்டிட்டு வரணும். அத விட்டா இந்த வருஷம் நடக்காது, கேட்டியா?"

இதற்கிடையில் முதுகுவலி தாங்காமல் லேகா உதியன்குளங்கரைக்குப் போனாள். பேக்கரிக்கு மேல்மாடியில் சிபி என்பவரின் கைரோபிராக்டிக் நிலையம். வர்மமும், எண்ணெய் தடவி உருவுகிற உழிச்சிலும் பார்த்து வளர்ந்த ஊருக்கு எலும்பைத் தட்டி நேராக்குகிறவர் புதிதல்ல; ஏசியும் கம்ப்யூட்டரும்தான் புதிது. குப்புறப் படுத்தவளின் முதுகில் 'டக்' என்று ஒரு சத்தம்.

"டாக்டரே, நடுவலி மாறிட்டு!" எழுந்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த வேகத்தில் மகளின் எழுத்தையும் டீச்சர் சொன்ன சர்ட்டிபிக்கேட்டையும் அவரிடம் சொல்லிவிட்டாள்.

"மகளையும் கொண்டு வாங்க," என்றார் சிபி. "கழுத்தெலும்பாக்கும் மூளைய மறிக்குது. அத நேராக்கினா எழுத்து தன்னால வரும். சர்ட்டிபிக்கேட்டா? அது பிள்ளைக்கு ஆயுசுக்கும் முத்திர குத்துற வேல."

முதுகைச் சரியாக்கிய கை பொய் சொல்லுமா என்று நினைத்தாள் லேகா. கை பொய் சொல்லவில்லை, வாய்தான் சொன்னது. பாவம், வலி போன சந்தோஷத்தில் இரண்டையும் அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அமிர்தாவின் கழுத்தைத் திருப்பிச் சத்தம் எடுத்தார்கள். காதில் ஹெட்போன் மாட்டி, ஆடுகிற பலகையில் நிற்க வைத்து, பந்தைக் கண்ணால் துரத்தச் சொன்னார்கள். ஓணமும் கழிந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், சிகிச்சை முடிந்து இருவரும் பஸ்ஸுக்கு நின்றார்கள்.

"எப்படி உண்டு மக்கா? வாசிக்கச்சில மாறுதா?"

அமிர்தா எதிரே வந்த பஸ்ஸின் போர்டை உற்றுப் பார்த்தாள். "மாறுதும்மா."

லேகா வாய்விட்டுச் சிரித்தாள். மகளைக் கட்டிக்கொண்டாள். பஸ்ஸை விட்டுவிட்டு பேக்கரியில் பப்ஸ் வாங்கிக் கொடுத்து, அங்கே நின்றே டீச்சருக்குப் போன் போட்டாள்.

"நாளைக்கு வரல்ல டீச்சர். பிள்ளைக்கு மாறிட்டு."

டீச்சர் கெஞ்சிப் பார்த்தார். லேகா கேட்கவில்லை.

மார்ச்சில் பரீட்சை வந்தது. சமூக அறிவியல் எழுதிவிட்டு வந்த அமிர்தாவிடம் லேகா கேள்வித்தாளை வாங்கி ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பிள்ளை தடங்கலில்லாமல் பதில் சொன்னது.

"அப்ப ஜெயிச்சிருவ!"

"இதொண்ணும் எழுதல்ல அம்மா. பேப்பர் முக்காலும் வெள்ளையாக்கும்."

லேகாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "நீதானட்டி மாறுதுன்னு சொன்ன?"

"எழுத்து மாறுதுன்னாக்கும் சொன்னேன். டீச்சர் அப்படித்தானே சொல்லுவாங்க."

காய்ச்சல் போனாலும் மாறிட்டு, செருப்பு மாற்றிப் போட்டாலும் மாறிட்டு. ஊரில் இரண்டுக்கும் ஒரே சொல். லேகா கேட்டது ஒன்று, பிள்ளை சொன்னது மற்றொன்று.

"டீச்சருக்கு நான் போன் போடச்சில பக்கத்துலதானே நின்ன? அப்பவாவது சொல்லப்படாதா மக்கா?"

"அம்மா அண்ணைக்குச் சிரிச்சீயல்லா," என்றாள் அமிர்தா. "பின்ன நான் எப்படிச் சொல்லுவேன்?"

லேகா கேள்வித்தாளைச் சேலை மடிப்பதுபோல மடித்து வைத்தாள். முதுகு வலிக்கவில்லை. வலித்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.