கொத்து ரொட்டியின் மீது நான் போட்ட பழி

ஒரு பிளேட் கோழிக் கொத்து என்னைக் கொன்றுகொண்டிருக்கிறது என்று பதினொரு நாட்கள் உறுதியாக நம்பினேன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஊரையும் நம்பவைத்தேன்.

இதை வாசிக்கும் உங்களில் யாருக்காவது இப்போது கண் மஞ்சளித்திருக்கலாம். சிறுநீர் கடுஞ்சாயத் தேநீரின் நிறத்தில் போய்க்கொண்டிருக்கலாம். பயப்பட வேண்டாம் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. கொஞ்சமாகப் பயப்படுங்கள். யாரையாவது கைகாட்டுவதற்கு முன் இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.

யுத்தம் முடிந்த இரண்டாவது வருடம் அது. நான் பாடசாலையில் கணிதம் கற்பிப்பவன். ஒருநாள் இடைவேளையில் ஆசிரியர் அறைக்கு ரோல்ஸ் தட்டு வந்தது. பார்த்ததும் குமட்டியது. இருபது வருட சேவையில் ரோல்ஸைக் கண்டு நான் முகத்தைத் திருப்பியது அதுவே முதல் தடவை. சக ஆசிரியர்கள் அப்போதே அம்புலன்சுக்கு ஆள் அனுப்பியிருக்க வேண்டும்.

பிறகு காய்ச்சல். மாடிப்படியில் பாதியில் நின்று, மேலே போவதா கீழே போவதா என்று யோசிக்கும் களைப்பு. காய்ச்சல் குளிசையை மிட்டாய்போல விழுங்கினேன். (நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஈரல் நோயுற்றிருக்கும்போது அந்தக் குளிசையே அதற்குச் சுமை என்று பின்னர் டொக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.) நான்காம் நாள் காலை என் மனைவி ஸித்தி என்னை ஜன்னலடிக்கு இழுத்துப்போய், கீழ் இமையை விரலால் இறக்கிப் பார்த்தாள்.

“செங்கண்மாரி,” என்றாள். மஞ்சள் காமாலை. அவ்வளவுதான். நான் செத்து மௌத்தாகிவிட்டேன்.

அன்று பகல் முழுவதும் மன்னிப்புக் கேட்கும் வேலையில் கழிந்தது. உப அதிபருக்கு ஆளனுப்பி வரவழைத்து, நேரசூசியில் அவருக்குக் கடைசிப் பாடவேளையாகப் பார்த்துப் பார்த்துப் போட்டது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். கண்கலங்கி மன்னித்தார். நான் பிழைத்தெழுந்த பிறகு மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

கடைசியாக ஸித்தியிடம் வந்தேன். வியாழக்கிழமை பின்னேர வகுப்பு என்று சொல்லிவிட்டு நான் போனது உன் தம்பி நியாஸின் கடைக்கு, கொத்துத் தின்ன, என்றேன். எனக்குக் கொழுப்புக் கூடியிருக்கிறதென்று எண்ணெய்ச் சாப்பாட்டை அவள் தடைசெய்திருந்த காலம்.

“ஓம், தெரியும்,” என்றாள், என் உடுப்பைப் பையில் அடுக்கிக்கொண்டே. “ஷேட்டெல்லாம் வெங்காயம் மணக்க வருவீங்க. வகுப்புப் புள்ளைகளுக்கு வெங்காயமா படிச்சுக் குடுத்தீங்க?”

நியாஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினொரு வருடம் கட்டாரில் ஒரு ஹோட்டல் குசினியில் நின்றவன். யுத்தம் முடிந்ததும் வந்து, பிரதான வீதியில் கண்ணாடி வைத்து, வெளிச்சம் போட்டு, கொத்தும் பிறைட் றைஸும் பொரித்த கோழியும் விற்கும் கடையொன்றைத் திறந்தான். எங்கள் ஊரில் மஃரிப், அந்தித் தொழுகையோடு கதவைச் சாத்திப் பழகிய சனம், பிள்ளைகுட்டிகளோடு வெளியே வந்து கதிரை போட்டு உட்காரத் தொடங்கிய காலம். முன்பெல்லாம் தூரத்தில் அடுக்கடுக்காகச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் போவோம். இப்போது இரும்புத் தகட்டில் கொத்து அடிபடும் சத்தத்தை நோக்கி நடந்தோம். அதில் எண்ணெய் அதிகம் என்பது எனக்கும் தெரியும். அந்தச் சத்தத்துக்காகவே பாதித் தூரம் போனேன்.

ஆஸ்பத்திரியில் இளவயது டொக்டர் பிள்ளையொன்று என் இரத்த அறிக்கையை வாசித்தது. பிலிருபின் (பழைய சிவப்பணுக்கள் உடையும்போது உண்டாகும் மஞ்சள் பொருள்; ஈரல் சோர்ந்தால் வெளியேறாமல் உடம்பில் தேங்கும்) எக்கச்சக்கமாகக் கூடியிருந்தது. நோய், ஹெபடைடிஸ் ஏ (ஈரலைத் தாக்கும் ஒரு வைரஸ், நோயாளியின் மலத்தோடு வெளியேறி, நீராலும் உணவாலும் அடுத்தவர் வாய்க்குப் போவது).

“பெரும்பாலும் தானா மாறிடும் சேர். ஓய்வு முக்கியம்,” என்றார். “இதுக்கு நோயரும்பு காலம் ஒரு மாதமளவில இருக்கும். கடைசி ஒரு மாதத்தில வெளியில என்ன சாப்பிட்டீங்க, எங்கெங்க தண்ணி குடிச்சீங்க, யோசிச்சுச் சொல்லுங்கோ.”

நோயரும்பு காலம் என்றால் கிருமி உள்ளே நுழைந்த நாளிலிருந்து நோய் வெளியே தெரியும் நாள் வரையான இடைவெளி. நான் உடனே கணக்கைத் தொடங்கினேன். ஒரு மாதம், நான்கு வியாழன், நான்கு கொத்து. நிறுவப்பட்டது. வினாவில் ‘தண்ணி’ என்ற சொல்லை நான் கவனிக்கவேயில்லை. மாணவன் செய்திருந்தால் பாதிப் புள்ளியை வெட்டியிருப்பேன்.

இந்த நோய் வந்தால் ஆஸ்பத்திரி சுகாதாரப் பணிமனைக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் படிவத்தோடு என் கட்டிலடிக்கு வந்தார். ஆலையடிவேம்புக்காரர், எல்லோரும் அவரை பீ.எச்.ஐ. ஐயா என்போம். அவருக்கு நான் ஒரு பிரசங்கமே நடத்தினேன். இந்தக் கடைகளையெல்லாம் அரசாங்கம் கண்ணை மூடிக்கொண்டு விட்டிருப்பது ஏன், சட்டம் எதற்கு இருக்கிறது, ஒரு மனிதன் பணம் கொடுத்து விஷம் வாங்குவதா என்று கேட்டேன். அவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்க வந்திருந்த எட்டுப் பேர் குனியாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அஸர் தொழுகைக்கிடையில் எங்கள் ஊர் கல்முனைக்குடி முழுக்கக் கதை போய்விட்டது: நியாஸின் கடையில் தின்று வாத்தியார் மௌத்தாகப் போகிறார்.

மறுநாள், பரிசோதனை முடியும்வரை கடையைப் பூட்டச் சொன்னார்கள்.

நியாஸ் இளநீரோடு வந்தான். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். அவன் இளநீரை ஊற்றித் தந்துவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான்.

“அண்டைக்கு நானும்தானே மச்சான் உங்களோட ஒரு பிளேட்டில திண்டன்?”

“உனக்கு வயசு குறைவு. ஈரல் பலம்,” என்றேன் சுவரைப் பார்த்து.

“பீ.எச்.ஐ. ஐயா நாளைக்கித் துறக்கச் சொன்னாலும் சனம் வருமா மச்சான்? கடை போனா நான் மறுகாயும் கட்டாருக்குத்தான் போகணும். இளைய மகள் இப்பதான் என்னை வாப்பாண்டு கூப்பிடுறா. வந்த புதுசில ‘அந்த ஆள்’ எண்டுதான் சொன்னவ.”

சுவரை விட்டு அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். இளநீரைக் குடித்தேன். குமட்டாமல் உள்ளே போன முதல் சாமான் அதுதான்.

இரண்டு நாள் கழித்து அடுத்த கட்டிலுக்கு ஒருவரைக் கொண்டுவந்து படுத்தினார்கள். என்னைவிட மஞ்சள். பார்த்தால் எங்கள் அடுத்த வீட்டு ஹாஜியார். கடைச் சாப்பாடு என்றால் காத தூரம் ஓடுகிறவர். ஹஜ்ஜுக்குப் போனபோதுகூட வீட்டில் செய்த மாசிச் சம்பல் போத்தலோடு போனவர் என்பார்கள். என் நிறுவலில் ஓட்டை விழுவது எனக்கே தெரிந்தது. ஆனாலும் விடவில்லை. குரலைத் தாழ்த்தி, சும்மா ஒரு நாளாவது நியாஸின் கடையில், யாருக்கும் தெரியாமல், என்று கேட்டுப் பார்த்தேன்.

“அஸ்தஃபிருல்லாஹ்,” என்றார் ஹாஜியார். “எண்ட வாயில கடைச் சாப்பாடு பட்டதில்ல வாத்தியார். வெளிச் சாமானெண்டு நான் எடுக்கிறது உங்கட ஊட்டுக் கிணத்துத் தண்ணி மட்டும்தான்.”

அவர் இரகசியமாகத் தின்றிருப்பார் என்றுதான் அப்போதும் நினைத்தேன். பயந்தவனுக்குப் புத்தி வேலை செய்வதில்லை என்றில்லை. ஒரே திசையில் மட்டும் செய்யும்.

அந்தக் கிணற்றின் கதை இது. சுனாமியில் கடல் வந்துபோன பிறகு எங்கள் தெருவில் எல்லாக் கிணறும் உப்பாகிவிட்டது. இறைத்தோம், சேறு அள்ளினோம், மழைக்குக் காத்திருந்தோம். இரண்டாவது மாரி கழிந்து ஒருநாள் எங்கள் கிணற்றுத் தண்ணீர் இனித்தது. நானும் ஸித்தியும் ஆளுக்கொரு கோப்பை குடித்துவிட்டுக் கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதோம். ஹாஜியாரின் கிணறு இனிக்கவேயில்லை. அதனால் அவர் வீட்டுக் குடமும் எங்கள் கிணற்றில்தான் இறங்கியது. பின்பு குழாய்த் தண்ணீர் வந்தது. அதில் குளோரின் மணந்தது. அகதி முகாமில் தண்ணீர்த் தாங்கியிலும் மலசலகூடத்திலும் மையித்து, செத்தவர்களின் உடல்கள், கிடந்த மண்டபத்திலும் மணந்த அதே மணம். எனக்கு அது வேண்டாம் என்றேன். கொதிக்கவைக்கவும் விடவில்லை, இனிப்புப் போய்விடும். என் வீடு, என் தண்ணீர், என் விருப்பம் என்று பெரிய கதையெல்லாம் கதைத்திருக்கிறேன்.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தேன். பதினோராம் நாள் பீ.எச்.ஐ. ஐயா வந்தார். கையில் அளவுநாடா இருந்தது.

எங்கள் பகுதியில் வீடு மகளுக்கு. ஆண்பிள்ளை மணமுடித்தால் மனைவியின் வீட்டுக்குப் போய்விடுவான். நானும் அப்படி வந்தவன்தான், நியாஸும் அப்படிப் போனவன்தான். ஆகவே என் மகளுக்கு நிக்காஹ் பேசியதும் வீடு வேண்டியிருந்தது. கடலோரத்தில் கட்டக்கூடாது என்று தடை வந்த பிறகு எல்லோரும் உள்ளுக்கு நெருங்கிவிட்டார்கள், வெறுங்காணி கிடைப்பதில்லை. எங்கள் வளவின் பின்பக்கத்திலேயே கட்டினோம். கலியாணம் முடிந்து அப்போது ஒன்றரை மாதம்.

பீ.எச்.ஐ. ஐயா கிணற்றுக்கட்டில் நாடாவின் ஒரு நுனியை ஸித்தியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, புதுவீட்டு மலசலகூடக் குழிவரைக்கும் நடந்தார். வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கவில்லை.

“பதினெட்டு அடி,” என்றார். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். “அனுமதிக்கு நீங்க தந்த வரைபடத்தில குழி மேற்கு மூலையில கிடக்கு சேர். இஞ்சால எப்பிடி வந்தது?”

“மாப்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் விட இடம் வேணுமெண்டு...” என்று தொடங்கினேன்.

“ஐம்பது அடி விடவேணும் எண்டு தெரியாதா?”

தெரியும். தெரிந்தபடியால்தான் தாளில் சரியாக வரைந்திருந்தேன். 

எங்கள் மண் வெறும் கடற்கரை மணல். ஊற்றினால் பக்கத்துக்கு ஓடும். கலியாணத்துக்கு வந்து தங்கியவர்களில் யாரோ ஒருவரின் உடம்பில் அந்தக் கிருமி இருந்திருக்க வேண்டும் என்றார். யாரென்று இனித் தெரியவராது. ஸித்தி தேநீரைத் தவிர வேறெதையும் குடிக்காதவள். தேநீர் கொதித்த தண்ணீர். மகளுக்கு முகாமில் இருக்கும்போதே இந்த நோய் ஒருமுறை வந்துபோயிருந்தது. ஒருமுறை வந்தால் மறுமுறை வராது. புது மாப்பிள்ளைக்கு நாங்கள் போத்தல் சோடாவைத் தவிர வேறெதையும் கொடுத்ததில்லை. மிஞ்சியது நானும் ஹாஜியாரும்.

தண்ணீர் மாதிரிகள் போய் அறிக்கை வந்தது. எங்கள் கிணற்றில் மலக்கிருமி. நியாஸின் கடைத் தண்ணீர் சுத்தம்; அது குழாய்த் தண்ணீர். கடையில் வேறு குறைகள் இருந்தன: குப்பை வாளிக்கு மூடி இல்லை, கொத்துப் போடுகிறவருக்குத் தொப்பி இல்லை, எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்கியிருந்தார்கள். நியாஸ் எல்லாவற்றையும் திருத்தினான். எண்ணெய் விஷயத்தில் பீ.எச்.ஐ. ஐயா சொன்னதைவிட ஸித்தி சொன்னதுதான் அவனுக்கு அதிகம் சுட்டது.

ஹாஜியார் வீட்டுக்கு வந்த அன்றே போய் அவர் காலடியில் உட்கார்ந்தேன். என் விருப்பம் என்று நான் சொன்ன இடத்தில் அவருடைய குடமும் இறங்கியதைச் சொன்னேன். அவர் தஸ்பீஹ் மணியைக் கீழே வைத்துவிட்டு, குழாய்த் தண்ணீருக்கு விண்ணப்பம் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.

கடை திறந்த வாரத்து ஜும்ஆத் தொழுகைக்குப் பின், பள்ளிவாசல் பொறுப்பாளரான மரைக்காயரிடம் அனுமதி கேட்டு ஒலிவாங்கிக்கு முன் நின்றேன். நியாஸின் கடையைப் பற்றி நான் சொன்னது பிழை, என் வீட்டுக் குழிதான் காரணம் என்றேன். கூடவே ஒரு பகிடியும் விட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது: “அப்ப கொத்துத் திங்கலாமா சேர்?” அதற்குத்தான் பள்ளி சிரித்தது.

ஆனால் வதந்தி போன வேகத்தில் மறுப்புப் போவதில்லை. கடைசி மேசைகள் நிரம்ப இரண்டு மாதம் பிடித்தது. அதுவரை தினமும் பின்னேரம் அப்பியாசக் கொப்பிகளைக் கட்டிக்கொண்டு போய், கண்ணாடிக்குப் பக்கத்து மேசையில், வீதிக்குத் தெரியும்படி மஞ்சள் கண்ணோடு உட்கார்ந்து திருத்தினேன். எண்ணெய் எனக்கு விலக்கு. நியாஸ் வெறும் இடியப்பமும் கஞ்சியும் வைப்பான். “இப்பிடி ஒரு விளம்பரத்த கட்டாரிலயும் காணல்ல மச்சான்,” என்பான். அவன் கட்டாருக்குப் போகவில்லை.

நோய் விட்டுப்போய் வருடக்கணக்காகிறது. நடக்கிறேன், கற்பிக்கிறேன், வியாழனில் ஸித்தியோடு போய் ஒரு பிளேட்டை இருவராகத் தின்கிறேன். ஆனால் உடம்பை இன்றைய சாமானாக என்னால் நினைக்க முடிவதில்லை. இன்று எனக்குக் குமட்டினால் அது போன மாதத்துக் கோப்பையாக இருக்கலாம். இன்று குடிப்பதற்கு அடுத்த மாதம்தான் பதில் வரும். ஆரோக்கியமாக இருக்கிறேன் என்று சொல்லும்போதெல்லாம், ஒரு மாதத்துக்கு முந்தைய மனிதனைப் பற்றித்தான் சொல்கிறேன் என்று படுகிறது. அந்த ஆளுக்கு நன்றி சொல்லப் பழகியிருக்கிறேன்.

நடந்தது இவ்வளவுதான். மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து பதினெட்டு அடியில் வெட்டச் சொன்னது நான். அந்தத் தண்ணீரைக் குடித்து எனக்கும் ஹாஜியாருக்கும் செங்கண்மாரி வந்தது. நியாஸின் கடை பத்தொன்பது நாள் பூட்டியிருந்தது.