மாமா காத்த ஆறு

எங்கள் ஊர் ஆற்றோரத்தில் ஒரு கருங்கல் உண்டு. அம்மா துவைத்துத் துவைத்து அதன் நடுவே வழவழப்பாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. எங்கள் தீவில், ட்ரியோலே ஊருக்கு அப்பால் கடற்கரையில் ஓட்டல்கள் புதிது புதிதாக எழும்பிக்கொண்டிருந்த காலம். அவற்றின் மேசைவிரிப்புகள் மூட்டை மூட்டையாக எங்கள் வீட்டுக்கு வரும். ஒயின் கறை போவதற்கு அம்மா ஜாவெல் வெளுப்புநீரைத் தாராளமாக ஊற்றுவார். அப்பா இல்லாத வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தக் கல்லால்தான்.

பிறகு ஒருநாள் அது பாதுகாக்கப்பட்ட ஆறு என்று அறிவித்துக் கரையில் பலகை நட்டார்கள். துவைக்கக் கூடாது, மீன் பிடிக்கக் கூடாது. துவைக்கிறவர்கள் எதைக்கொண்டு பிழைப்பார்கள் என்று பலகையில் எழுதியிருக்கவில்லை. காவலுக்கு வந்தவர் வேறு யாருமல்ல, அம்மாவின் தம்பி, என் மாமா. ஊர்ப் பெண்களையெல்லாம் தன்மையாகப் பேசி அனுப்பியவர், அம்மாவிடம் மட்டும் வராமல் நாளைக் கடத்தினார். மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? உன் அக்காவுக்கு மட்டும் தனி ஆறா என்று கேட்டுவிட்டார்கள். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வந்தார். "அக்கா, சில்வுப்ளே..." தயவுசெய்து, ஆறு சாகிறது என்று கெஞ்சினார். அம்மா ஈர விரிப்பை அவர் முகத்திலேயே எறிந்தார். "பா அப்பெல் முவா அக்கா!" இனி என்னை அக்கா என்று கூப்பிடாதே. பெண்கள் சிரித்தார்கள். எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அம்மாவுக்காக வெட்கப்படுவதா, மாமாவுக்காகவா என்றுகூடத் தெரியவில்லை.

மாமா எங்கள் முற்றத்தில் தானே ஒரு சிமெண்ட் தொட்டி கட்டினார். அம்மா அதைத் தொடவேயில்லை. கோழிகள்தான் அதில் அடைந்தன. ஓட்டல் துணி நின்றுபோனது. அம்மா விடியும் முன்னே பஸ் ஏறி, பீனிக்ஸ் ஊரில் ஓர் ஆடைத் தொழிற்சாலைக்குப் போக ஆரம்பித்தார்.

தைப்பூசக் காவடி இறக்கியதும் மாமா ஏழு கறிச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வருவார். முதல் இலை அவருக்கு. அந்த வருடமும் வந்தார். ரோஜா நிற வேட்டி, கன்னத்தில் அலகு குத்திய வடு. வாசலில் நெடுநேரம் நின்றார். அம்மா இலை போடவில்லை. குழாயில் தண்ணீர் குடித்துவிட்டுப் போனவர், அதன்பின் எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை. அந்த மனத்தாங்கலோடேயே இறந்தும் போனார்.

போன மாதம் அம்மாவை அந்த ஆற்றோரத்துக்கு அழைத்துப் போனேன். இப்போது வேலி இருக்கிறது, காமிராவோடு ஓட்டல் விருந்தாளிகள் வருகிறார்கள். நான் சிறுவயதில் கண்டிராத தெளிவு தண்ணீரில். கல்லின் பள்ளத்தில் ஒரு சின்ன இறால் நெளிந்துகொண்டிருந்தது.

அம்மா அதையே பார்த்தார். "மோ தி கோனே." எனக்குத் தெரிந்திருந்தது என்றார். ஜாவெல் ஊற்றிய நாட்களில் இறால்கள் செத்து மிதக்குமாம். நாங்கள் பார்க்குமுன் கையால் தள்ளிவிடுவாராம். தம்பி சொன்னது சரி என்று அன்றைக்கே தெரியுமாம். எனக்குத் தலை நிமிரவில்லை. அந்தத் துணி துவைத்த காசில் வளர்ந்த உடம்புதானே இது.

பள்ளத்தைத் தொடக் கை நீட்டிய அம்மா, இறால் மிரண்டதும் கையை இழுத்துக்கொண்டார்.

"ஓர் இலை போட்டிருக்கலாம்" என்றார்.