சித்தி குத்தாத ஓகே முத்திரை

என் சித்தி, அம்மாவுக்கு நேர் இளையவள், மீன் டின் அடைக்கும் ஆலையில் மூக்கை வைத்துப் பிழைத்தவள். பெட்டியில் வரும் மீனின் செவுளைத் தூக்கி மோந்து பார்ப்பாள். நல்லதென்றால் பெட்டிச் சீட்டில் ‘ஓகே’ முத்திரை குத்துவாள். புருஷன் போனபின் அவளும் மகளும் சாப்பிட்டது அந்த வேலையில்தான். வாங்கிக் கொடுத்தவன் மேஸ்திரி, பெரியம்மாவின் மருமகன்.

அந்த எழுத்துக்கு என்ன அர்த்தமென்று ஒருநாள் குமாஸ்தாவைக் கேட்டாள். இங்கிலீஷில் ‘ஆல் கரெக்ட்’, அதாவது ‘எல்லாம் சரி’ என்பதன் சுருக்கமாம். அமெரிக்கப் பத்திரிகைக்காரர்கள் வேடிக்கைக்காக அதைத் தப்பும் தவறுமாய் எழுதியதில் பிறந்ததாம்.

“பொறப்பே தப்புலயா? அதான் எங்க மேஸ்திரி மாப்பிள்ளைக்கு இந்த முத்திரை இவ்வளவு பிடிக்குது” என்றாளாம்.

ஒரு கோடையில் ஐஸ் கரைந்துபோன லோடு வந்தது. மீனின் கண் குழிந்திருந்தது; தொட்டால் சதை கூழாய் விரலோடு வந்தது. பெட்டிக்கடியில் பழுப்பு நீர் நூலாய் இழுத்தது. மேஸ்திரி தைல டப்பாவை நீட்டினான்.

“மூக்குக்குக் கீழ தடவிக்குங்க சின்னத்த. நாத்தம் தெரியாது.”

“நாத்தம் தெரியத்தானே மாப்பிள்ளை சம்பளம் குடுக்குறீங்க?”

“வேலை வாங்கித் தந்தது யாருன்னு ஞாபகம் இருக்கட்டும்.”

சித்தி முத்திரையை அவன் கையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். அவனே தைலம் பூசிக்கொண்டு அத்தனைக்கும் குத்தினான்.

மாதம் திரும்பியதும், சித்தி மன்னிப்புக் கேட்டு வேலைக்குத் திரும்ப வேண்டுமென்று பெரியம்மா மகள், மருமகனோடு கும்பலாய் வந்து, சித்தி தங்கியிருந்த எங்கள் வீட்டில் உட்கார்ந்தாள். சமாதானத்துக்கு மருமகன் கையில் ஆலையிலிருந்து ஒரு பெட்டி மீன் டின்.

“ரோஷத்தை உலையில போட்டா சோறு வேகுமாடி?” என்றாள் பெரியம்மா. சித்தி தன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டத்தட்ட இணங்கிவிட்டாள் என்றே நினைத்தேன்.

அதற்குள் அவன் பெண்டாட்டி, ஆறு மாத வயிற்றுக்காரி, பசிக்கிறதென்று ஒரு டின்னை எடுத்தாள். அவன் பாய்ந்து பிடுங்கினான்.

“உனக்கு வேணாம். அது இவங்களுக்கு.”



“ஏன் மாப்பிள்ளை, ஓகேதானே?” என்றாள் சித்தி.

பெரியம்மா செருப்பைத் தேடினாள். அதற்குப்பின் வேலையைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. சித்தி இஸ்திரி போட்டு மகளைக் கரையேற்றினாள்.

அவன் இன்று அங்கே மேனேஜர். கல்யாண வீடுகளில் சிரித்துக்கொண்டே பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்காருவான். நான் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவேன்.